இராசாத்தியக்காவின் பின்வேலி

இராசாத்தியக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் மரக்குழுவை நடத்தும் நிஸ்தார் சேர் கேட்டார், குழுவின் ஆண்டு மலருக்கு. நல்லதாய் நாலு வரி போட்டு நேற்றே கொடுத்துவிட்டேன். கைராசிக்காரி, அவர் நட்ட கன்று ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை, குழுவின் தூண். அவ்வளவும் பொய். பொய் எழுதிய கையால் மெய்யையும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதை மலரில் போட முடியாது.

என் பெயர் இன்ஷிரா. காத்தான்குடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், பொய் மட்டும் வராது என்று ஊரில் எனக்குப் பெயர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மரணச் சான்றிதழைப் பிரதி எடுக்க வருகிறவர்கள். ஆகவே சாவு எனக்குப் புதிதில்லை, பேய் பிசாசில் நம்பிக்கையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

ஆரையம்பதிப் பக்கம் வாவிக்கரையோரமாக ஒரு நீளக் காணித் துண்டு இருக்கிறது. யாருக்கும் உதவாத உவர் நிலம். அதில்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடுகிறோம். நாவல், மருது, புன்னை, இலுப்பை, மகிழ் என்று எல்லாம் இந்த மண்ணின் மரங்கள். ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவரின் பெயரில். குடும்பத்தார் கன்றைப் பிடிப்பார்கள், இராசாத்தியக்கா குழிக்குள் இறக்கி மண் அணைப்பார், நான் தகட்டில் ஆணியால் பெயரைப் பொறித்துக் கட்டிவிடுவேன். தமிழருக்கு ஒரு நிரை, முஸ்லிமுக்கு ஒரு நிரை என்று பிரிக்கவில்லை, வந்த ஒழுங்குதான். அதனால் எங்கள் வாப்பா கச்சி முகம்மதுவுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் நிற்கிறார். உயிரோடு இருந்த காலத்தில் என்றால் இரண்டு பேரும் நிச்சயம் சண்டை பிடித்திருப்பார்கள்.

வாப்பா போனது கொரோனா வருசத்தில், கொழும்பில். அந்த நாட்களில், அடக்கவேண்டிய எங்கள் ஜனாஸாக்களையும் எரித்தார்கள். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அடக்கிய பிறகு கபுறடியில் பச்சைக் கொப்பொன்று நடுவது எங்கள் வழமை. நடுவதற்கு என் உம்மா ஸைனம்புக்குக் கபுறு இல்லை. எங்கே இருந்து அவருக்காக யாசீன் ஓதுவது என்று தெரியாமல் ஒன்றரை வருசம் கிதாபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை அறையாய்த் திரிந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

அதன் பிறகுதான் வாப்பாவின் பெயரில் அந்த நாவல் கன்று. வியாழன் பின்னேரம் தோறும் உம்மா அதற்குச் சலாம் சொல்லிவிட்டுப் பாய் விரித்து இருந்து ஓதுவார். மரத்தடியில் இப்படிச் செய்வது சரியில்லை என்று ஒரு மௌலவி சொன்னார். "அப்ப அவர்ட கபுறத் தாங்க" என்று உம்மா கேட்டார். 

இராசாத்தியக்கா அந்த வாவிக்கரையிலேயே பிறந்தவர். தாய் சீதனமாகக் கொடுத்த வளவில்தான் இன்றும் இருக்கிறார். மண்டூரிலிருந்து வந்த யோகராசா என்ற மீனவரைக் கட்டினார். மகன் சதீசனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அந்த மனிசன் காய்ச்சலில் போய்விட்டார். வயல் வட்டையில் களை பிடுங்கியும் நாற்று நட்டும் பிள்ளையை வளர்த்தார். பிறகு வீட்டிலேயே கத்தரி, மிளகாய்க் கன்று போட்டுச் சந்தையில் விற்றார். அவர் கன்று நட்டால் தவறாது என்று ஒரு பேச்சு இருந்தது. புது வீடு கட்டினால் முதல் தென்னங்கன்றை வைக்க அவரைக் கூப்பிடுவார்கள். நிஸ்தார் சேர் குழு தொடங்கியதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனார்.

சதீசன் காணாமற்போனது 2007இல், இருபது வயதில். விடியக்காலையில் வலை எடுக்கப் போனான். தோணி மட்டும் மறுகரைக் கண்டல் பற்றைக்குள் கிடந்தது. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. இராசாத்தியக்கா ஏறாத வாசல் இல்லை, படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காத தெரு இல்லை. கடைசியில் தோணியை விற்றார். அதைக் கட்டிவைக்கும் கட்டையை மட்டும் விற்கவில்லை. தண்ணீருக்குள் பல வருசம் நின்ற பாலைக் கட்டை, இரும்பு மாதிரி. அதைப் பிடுங்கி வந்து பின்வேலியின் ஒரு தொங்கலில், தண்ணீருக்குத் தூரமான கடைசி முனையில், நட்டுவிட்டார்.

சில வருசம் கழித்துக் கிராம சேவகர் வந்தார். மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் மற்ற அலுவல்கள் சுகமாய் முடியும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னாராம். இராசாத்தியக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இந்தா நிக்கிற கட்ட தளிர்க்கட்டும். அண்டைக்கு வந்து ஒப்பம் வைக்கிறன். இப்ப போங்க சேர்."

பாலைக் கட்டை எங்கே தளிர்ப்பது? தளிராது என்று தெரிந்துதான் சொன்னார். ஊர் கொஞ்ச நாள் கதைத்துவிட்டு மறந்தது. இராசாத்தியக்கா மறக்கவில்லை. அது காய்ந்து நிற்கும் வரைக்கும் சதீசன் எங்கேயோ இருக்கிறான், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஒருமுறை நான் யோசிக்காமல், "மகனுக்கும் ஒரு மரம் வைப்பமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கிறவனுக்கு ஏன் புள்ள மரம்?" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போன மாரியில் வெள்ளம் வந்து எங்கள் காணியில் பன்னிரண்டு நாள் கறுத்த தண்ணீர் நின்றது. கன்று பட்டுப்போனால் குடும்பத்துக்குச் சொல்லி, அவர்களைக் கூட்டிவந்துதான் மறுகன்று வைக்கவேண்டும் என்று குழுவில் ஒரு விதி உண்டு. அதுவரை அந்த விதிக்கு வேலை வரவில்லை. வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால் அத்தனையும் பச்சை. நிஸ்தார் சேருக்குக் கண் கலங்கிவிட்டது. உவர்த் தண்ணீருக்குள் நின்ற மகிழ் எப்படிப் பிழைத்தது என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. நல்ல செய்தியை நோண்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாயில் இருந்தார், கிதாபைத் திறந்தார், ஒரு வரி ஓதினார், நிறுத்தினார். கையை நீட்டி இலையைத் தடவினார்.

"வாப்பா இஞ்ச இல்ல."

"என்னும்மா கதைக்கிறீங்க? இந்தா தகடு, நான்தானே எழுதின?"

"தகடு இரிக்கி. அவரு இல்ல."

எழும்பி நடக்கத் தொடங்கினார். முழங்கால் வருத்தக்காரி, கக்கூசுக்குப் போகவும் என் தோளைப் பிடிக்கிறவர், கரையோரமாய் விறுவிறென்று போனார். பின்னால் நான் பாயையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கால் மைல் இருக்கும். இராசாத்தியக்காவின் வீட்டுக்கு உம்மா அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. வாசல் படலைப் பக்கம் போகாமல் நேரே பின்வளவுக்குள் நுழைந்தார். அங்கே வேலியோரம் காய்ந்த தடிகள் வரிசையாய் ஊன்றியிருந்தன, தண்ணீர்ப் பக்கத்து ஆறில் மட்டும் தளிர் தெரிந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து ஏழாவது தடிக்கு முன்னால் நின்றார். அதிலும் விரல்நகம் அளவில் இரண்டு நாவல் இலை துளிர்த்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் உம்மா, வாப்பா கடையிலிருந்து வந்து படியேறுகிறபோது சொல்கிற அதே குரலில்.

கிணற்றடியில் நின்ற இராசாத்தியக்காவின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"ராத்தா, உங்களுக்கு ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல தங்கச்சி" என்றுவிட்டு உம்மா வெறும் மண்ணில் இருந்து, விட்ட வரியிலிருந்து யாசீனை ஓதி முடித்தார். 

பிறகு இராசாத்தியக்கா என்னைத் தனியே கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். குழு தொடங்கிய வருசமே ஒரு கன்று பட்டுவிட்டது. அது அஸ்மியா என்ற இளம் தாயின், நாற்பது நாள்கூட உயிரோடு இருக்காத குழந்தையின் பெயரில் வைத்த மகிழ். விதிப்படி சொல்லத்தான் போயிருக்கிறார். இவர் வாய் திறக்கும் முன்னமே அஸ்மியா, "என்ட மகள் எப்பிடி இரிக்கா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கா எண்டு சொல்லிட்டு வந்திட்டன். ஒராள் ரெண்டு தரம் சாகலாமா புள்ள?"

அன்றிலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சோடிக் கன்று பையில் வளர்த்திருக்கிறார், அதே உயரத்துக்கு நறுக்கி நறுக்கி. ஒன்று பட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மாற்றிவிடுவார். அந்த நேரம் ஆண்கள் பள்ளிவாசலில், மற்றவர்கள் சோற்றுக்கு முன்னால், கரையில் காக்கா குருவி இருக்காது. பிடுங்கியதை எறியவும் மனமில்லை. பெயர் சொல்லி நட்டதைக் குப்பையில் போடலாமா என்று பின்வேலியில் ஊன்றிவிட்டார். பதினொரு தடி. பன்னிரண்டாவதாய், எல்லாவற்றுக்கும் முன்பே அந்தத் தொங்கலில் நின்றது சதீசனின் தோணிக் கட்டை.

நான் கத்தினேன். "எங்கட உம்மா ஆருமில்லாத ஒரு கண்டுக்கு முன்னால இருந்து ஓதியிருக்கா! கைராசியாம் கைராசி! கள்ள வேலை!" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அடுத்த மாதம் பொதுக்கூட்டம், அதில் எல்லாக் குடும்பத்துக்கும் முன்னால் இதைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றேன். "சொல்றன் புள்ள" என்றார் இராசாத்தியக்கா.

மறுவாரம் அவர் என் கடைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. ஆட்கள் போகும் வரைக்கும் ஒரு ஓரமாய் நின்றார்.

"எட்டாவது தடியும் தளிர்த்திற்று."

"நல்லதுதானே அக்கா."

"அது ரெண்டு வருசமாக் காஞ்சி கிடந்த புன்ன. ஒடிச்சுப் பாத்தனான், உள்ளுக்கும் சருகுதான்." குரலைத் தாழ்த்தி, "தண்ணிப் பக்கமிருந்து வரிசையா வருது, இன்ஷிரா. வியாழனுக்கு வியாழன் ஒண்டு. இடையில ஒண்டையும் விடல்ல" என்றார்.

அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்றுத் தண்ணீர் வேலியோரமாய் ஓடுகிறது, அந்த ஈரத்தில் வேர் பிடிக்கிறது, ஓடுகிற பக்கம் ஒவ்வொன்றாய்ப் பிடிக்கத்தானே செய்யும் என்று விளக்கினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நானே போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடுவது மற்றப் பக்கமாய்.

ஒன்பதாவதும் வந்தது. பத்தாவதும் வந்தது. இராசாத்தியக்கா பின்வளவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். உடுப்பை முன்வாசலில் காயப்போட்டார், தண்ணீரைத் தெருக் குழாயில் பிடித்தார். பின்னால் சத்தம் கேட்கிறது என்றார். ஒருநாள் பட்டப்பகலில் நானும் கேட்டேன். தோணி அலைக்கு இழுபடும்போது கட்டையில் கயிறு இறுகுமே, அந்தக் கிறீச். வாவி அங்கிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி இருக்கிறது. கட்டையில் கயிறும் இல்லை. எங்கேயோ மூங்கில் உரசுகிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூங்கிலும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பதினோராவது தளிர்த்தது. அடுத்த வியாழனும் வந்து போனது. பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிருவன். அதுக்கு முதல் நீ ஒருக்காப் பின்னால போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு. எனக்குக் கால் வருதில்ல."

"வேற ஆரையும் கேளுங்களன் அக்கா."

"வேற ஆக்கள் எனக்காண்டிப் பொய் சொல்லுவாங்க. நீ சொல்லமாட்டாய். தளிர்த்திற்று எண்டு நீ சொன்னா, நான் போய் அந்தக் கடுதாசியில ஒப்பம் வைச்சிருவன். அவன் செத்திட்டான் எண்டு எடுத்துக்கொள்றன்."

வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து, மிளகாய்க் கன்றுகளைப் பைக்கு மாற்றத் தொடங்கினார்.  ஒவ்வொரு கன்றையும் இரண்டு மூன்று தரம் வைத்து எடுத்தார்.

பின்னால் போனேன். பதினொரு தடியும் பச்சையாய் நின்றன. அவற்றுக்கு அப்பால் பாலைக் கட்டை, கறுத்து, உப்புப் பூத்து, கயிறு தேய்த்த தடம் சுற்றிவர ஆழமாய்ப் பதிந்து. அந்தத் தடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வெடிப்பு இருந்தது. வெடிப்புக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் ஒரு குருத்து, என் சின்ன விரல் நுனி அளவில், வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூஞ்சணம் என்று நினைக்க ஆசைப்பட்டேன். தொட்டேன். பிஞ்சுக் காதுபோல மெதுமெதுவென்று இருந்தது.

நான் எத்தனை மரணச் சான்றிதழ் பிரதி எடுத்திருப்பேன். பெயர், வயது, மரணம் நிகழ்ந்த இடம், காரணம். இடம் என்ற கட்டத்துக்கும் காரணம் என்ற கட்டத்துக்கும் இராசாத்தியக்கா என்ன சொல்லுவார்? அந்தப் பேனையைப் பிடிக்கிற கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாப்பாவின் பத்திரத்தில் உம்மா ஒப்பம் வைத்த நாள் வந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பெருவிரல் நகத்தால் குருத்தைக் கிள்ளி எடுத்தேன்.

பால் வந்தது. வெள்ளையாய், கொஞ்சம் சூடாய், நகத்துக்குள் இறங்கியது. அதுவரைக்கும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த கயிற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. குருத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

"என்ன புள்ள?" திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்டுமில்லக்கா. காஞ்ச கட்டதான்."

"வடிவாப் பாத்தயா?"

"வடிவாப் பாத்தன்."

இராசாத்தியக்கா எழும்பினார். முகம் கழுவினாற்போல் இருந்தது. நேரே கிணற்றடிக்குப் போய், பல நாளைக்குப் பிறகு அந்த வாளியை இறக்கினார். சோறு தின்னாமல் போகவிடமாட்டேன் என்று மறித்து, இறால் சொதி வைத்தார். இரண்டு தட்டுச் சாப்பிட்டார். நான் என் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் சொன்னபடி எழும்பினார். நான் முந்திக்கொண்டு, அக்காவுக்கு மேலுக்குச் சரியில்லை, இருங்க அக்கா, என்று கையைப் பிடித்து இருத்திவிட்டேன். முன்வரிசையில் அஸ்மியா இருந்தாள். ஒரு மாதமாய் நியாயம் பேசிய வாய், அன்றைக்கு எந்த முகத்தோடு பேசும்? நிஸ்தார் சேர் ஆண்டு மலரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ நேரத்தில், கரையில் காக்கா குருவி இல்லாதபோது நான் போகிறேன். வேலியின் மற்றப் பக்கத்தால், அக்கா காணாமல். இதுவரைக்கும் ஆறு தரம் கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்தில் திரும்ப வருவதில்லை, வேறு இடத்தில் வருகிறது. போன கிழமை ஒரே நேரத்தில் இரண்டு. பெருவிரலில் அந்தப் பால் காய்ந்த கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

இன்று வியாழன். பின்னேரம் உம்மாவை வாப்பாவின் தடியடிக்குக் கூட்டிப்போனேன். சலாம் சொன்னார், ஓதினார், எழும்பினார். இராசாத்தியக்கா கிணற்றடியில் நின்று எங்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது உம்மா வேலித் தொங்கலில் நின்றார், பாலைக் கட்டைக்கு நேரே, முகத்தை உயர்த்தி, நின்ற ஒருவரைப் பார்ப்பதுபோல. சலாம் சொல்ல வாய் திறந்தார். ஓடிப்போய்ப் பொத்தினேன்.

"என்ன புள்ள, ராத்தாக்கு என்ன?" என்று இராசாத்தியக்கா கேட்டார்.

"இருமல் அக்கா. பனி பட்டிற்று."

சதீசனைப் பற்றி உம்மாவிடம் நானோ இராசாத்தியக்காவோ ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் கட்டை என்ன கட்டை என்றும் உம்மாவுக்குத் தெரியாது. என்னோடு தெருவுக்கு ஏறினார். பிறகு என் கையைப் பிடித்து, பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"மகள், அந்தப் பொடியன் எத்தின கிழமையா வந்து நிக்கிறான். தாய்க்குத் தெரியட்டாம். நீதான் விடுறாயில்லியாம்."

கையை இழுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது எங்கள் வழமை. நாளைக்கு வெள்ளி. இந்தப் பெருவிரல் நகத்தை மட்டும் நான் வெட்டப்போவதில்லை.